சில்லறை இருக்கிறதா?

“சில்லறை இருக்கிறதா?”

சென்னை மாநகரில் ஒரு முறையேனும் பேருந்தில் ஏறிய எவரும் இக்கேள்வியைச் செவிமடுக்காமல் இறங்கியிருக்க முடியாது. ஐந்து ரூபாய்ச் சீட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநரின் முகம் சற்றே சுளிக்கும். கையில் சில்லறை இல்லாவிடில், நமக்குச் சேர வேண்டிய மீதியைச் சீட்டின் பின்புறம் பேனாவால் எழுதித் தருவார். இறங்கும் அவசரத்தில் அதைக் கேட்டு வாங்க மறந்து, வீடு வந்து சேர்ந்தபின் சட்டைப் பையில் அந்தச் சீட்டைக் கண்டு வருந்தியவர் நம்மில் எத்தனையோ பேர்.

பார்ப்பதற்கு இது சிறிய செய்தி. ஆயினும், பெருநகரில் வாழும் எளிய குடும்பத்துக்குப் பேருந்துக் கட்டணம் என்பது சிறிய செய்தியன்று. தந்தை எவ்வளவு தொலைவு சென்று வேலை தேடலாம், மகள் எந்தக் கல்லூரியில் சேரலாம், பாட்டி மாதந்தோறும் அரசு மருத்துவமனைக்குச் சென்று மாத்திரை வாங்கி வரலாமா வேண்டாமா என்பனவற்றையெல்லாம் தீர்மானிப்பது அந்தச் சில ரூபாய்களே. கட்டணம் எவ்வளவு? அது எவ்வாறு கணக்கிடப்படுகிறது? எவ்வழியாகச் செலுத்தப்படுகிறது? இம்மூன்று கேள்விகளையும் நாம் சற்று அமைதியாக ஆராய்ந்து பார்ப்பது நலம்.

தோற்பையும் விசிலும்

சென்னையில் 1895ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1953ஆம் ஆண்டில் அவை நின்றுபோயின. நகரப் பேருந்துகளை நடத்தும் பொறுப்பு 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகத்திடம் வந்தது. அக்கழகத்தின் வழிவந்ததே இன்றைய மாநகர் போக்குவரத்துக் கழகம். பெயர்கள் மாறின, வண்டிகளின் நிறங்கள் மாறின. ஆனால், நெடுங்காலம் மாறாதிருந்தவர் நடத்துநர். தோளில் தோற்பை, வாயில் விசில், கையில் வண்ண வண்ணச் சீட்டுக் கட்டுகள். நெரிசலில் நீந்திக்கொண்டே விரலை நாவில் தொட்டுச் சீட்டைக் கிழித்து, யார் எங்கே ஏறினார், எவர் இன்னும் சீட்டு வாங்கவில்லை என்பதையெல்லாம் நினைவிலேயே வைத்திருந்த அவரது திறமையை நாம் போதிய அளவு பாராட்டியதில்லை.

பின்னர் சீட்டுக் கட்டின் இடத்தைக் கைக்கு அடக்கமான மின்னணுக் கருவி பிடித்தது. 2024இல் கைப்பேசி வழியாகவும் வங்கி அட்டை வழியாகவும் கட்டணம் பெறவல்ல புதிய கருவிகள் நடத்துநர்களின் கைக்கு வரத் தொடங்கின. இம்மாற்றத்தின் நன்மை தீமைகளைப் பின்னர்க் காண்போம். முதலில், கட்டணம் கணக்கிடப்படும் முறையைப் பார்ப்போம்.

ஸ்டேஜ் என்னும் கணக்கு

பேருந்துக் கட்டணத்தைக் கணக்கிட, வழித்தடம் முழுவதையும் பல கூறுகளாகப் பிரிக்கின்றனர். அக்கூறுகளையே நாம் ‘ஸ்டேஜ்’ என்று வழங்குகிறோம். எத்தனை ஸ்டேஜ்களைக் கடக்கிறோமோ அதற்கேற்பக் கட்டணம் ஏறும். ஸ்டேஜ் மாறும் இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாக ஏறியவர் கூடுதலாகச் செலுத்த நேரிடும். இதனாலேயே நம் மூத்தோர் சிலர், வெயிலில் ஒரு நிறுத்தம் நடந்து சென்று பேருந்து ஏறுவர். அது கஞ்சத்தனமன்று, குடும்பக் கணக்கு அறிந்தவரின் சிக்கனம்.

இக்கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. தொலைவு கூடக் கூட, ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் ஆகும் செலவு குறையும்படி கட்டணங்களை அமைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சென்னை மெட்ரோ ரயிலின் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 2015 ஜூன் மாதம் 29ஆம் நாள் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கிய இந்த ரயிலின் கட்டணம் 2021 பிப்ரவரியில் குறைக்கப்பட்டது. அதன்படி 2 கிலோ மீட்டர் வரை 10 ரூபாய். 5 கிலோ மீட்டர் வரை 20. 12 கிலோ மீட்டர் வரை 30. 21 கிலோ மீட்டர் வரை 40. அதற்கு மேல் எவ்வளவு தொலைவாயினும் 50 ரூபாய். 2 கிலோ மீட்டர் செல்பவர் ஒரு கிலோ மீட்டருக்கு 5 ரூபாய் தருகிறார். 20 கிலோ மீட்டர் செல்பவரோ 2 ரூபாய் மட்டுமே தருகிறார்.

இது நியாயமே. ஏனெனில், நகரின் நடுவே வீட்டு வாடகை கொடுக்க இயலாதவரே நகரின் விளிம்புக்குத் தள்ளப்படுகின்றனர். தொலைவில் வாழ்வோருக்குக் கட்டணத்தில் சிறிது இரக்கம் காட்டுவது முறை. ஆனால், இந்த இரக்கம் ஒரே வண்டியில் இறுதிவரை செல்பவருக்கு மட்டுமே கிட்டுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். மெட்ரோ ரயிலில் 12 கிலோ மீட்டர் ஒரே பயணமாகச் சென்றால் 30 ரூபாய். அதே தொலைவை 6 கிலோ மீட்டர் கொண்ட இரு தனிப் பயணங்களாகச் சென்றால் 60 ரூபாய். பேருந்திலும் இவ்வாறே. ஒரு பேருந்திலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறினால், கணக்கு மீண்டும் முதல் ஸ்டேஜிலிருந்தே தொடங்குகிறது. நேர்ப் பேருந்து உள்ள தெருவில் வாழ்பவருக்கு ஒரு கட்டணம். அது இல்லாத குடியிருப்பில் வாழ்பவருக்கு இரு கட்டணம். எவரும் வேண்டுமென்று செய்த அநீதியன்று இது. ஆனாலும், அதன் சுமை விழுவது பெரும்பாலும் எளியோரின் தோள்மீதே.

மூன்று ரூபாய் ஐந்தானபோது

கட்டணம் உயர்ந்தால் என்ன நேரும் என்பதைச் சென்னை மக்கள் 2018ஆம் ஆண்டில் கண்கூடாகக் கண்டனர். 2011 நவம்பரில் 2 ரூபாயிலிருந்து 3 ரூபாயாக உயர்ந்த குறைந்தபட்சக் கட்டணம், அதன் பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் உயராமலே இருந்தது. டீசல் விலையும் ஊழியரின் ஊதியமும் ஓய்வூதியச் சுமையும் ஏறிக்கொண்டே சென்றன. 2018 ஜனவரித் தொடக்கத்தில் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதே மாதம் 20ஆம் நாள் முதல் கட்டணம் ஒரேயடியாக உயர்ந்தது. சென்னையில் 3 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் ஆயிற்று.

முன்னாள் இரவு செய்தி வந்தது. மறுநாள் காலையில் கையில் வழக்கமான சில்லறையுடன் வந்தவர்கள் திகைத்து நின்றனர். மாணவர்கள் வீதிக்கு வந்து போராடினர். ஒரு சிறு பகுதி ஜனவரி 29 முதல் குறைக்கப்பட்டது. பேருந்தைவிடக் கட்டணம் குறைந்த புறநகர் மின்சார ரயிலைப் பலர் நாடினர்.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் யாது? கட்டணமே உயரக் கூடாது என்பதன்று. வண்டி ஓட டீசல் வேண்டும். ஓட்டுநரும் நடத்துநரும் தங்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். பல ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ஒரே இரவில் மூன்றில் இரண்டு பங்கு உயர்த்துவது குடும்பங்களைத் தடுமாற வைக்கிறது என்பதே பாடம். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக, முன்கூட்டியே அறிவித்து உயர்த்தினால், மாதச் சம்பளக்காரரும் தினக்கூலிக்காரரும் தங்கள் செலவை அதற்கேற்ப ஒழுங்குபடுத்திக்கொள்ள இயலும்.

பூச்சியம் அச்சிட்ட சீட்டு

2021 மே மாதம் வேறொரு மாற்றம் வந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று தமிழக அரசு 7ஆம் நாள் ஆணையிட்டது. மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. பின்னர் திருநங்கையருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் இச்சலுகை விரிவாக்கப்பட்டது. ‘விடியல் பயணம்’ என்னும் பெயரால் இத்திட்டம் வழங்கப்படுகிறது. எளிதில் அடையாளம் காண, இப்பேருந்துகள் பலவற்றின் முகப்புக்கு 2022 முதல் இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்டது.

இதன் பயன் கண்ணுக்குத் தெரிகிறது. நகரின் நடுவே குடிசைகளில் வாழ்ந்தோர் பலர், கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற தொலைவான குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். வீடு மாறியது, வேலை மாறவில்லை. பழைய தெருக்களிலேயே வீட்டு வேலை செய்துவந்த தாய்மார்கள் நாள்தோறும் நெடுந்தொலைவு வந்து செல்ல வேண்டியதாயிற்று. சம்பளத்தில் ஒரு பங்கைப் பேருந்தே விழுங்கிய நிலையில், இச்சலுகை அவர்களுக்குப் பெரும் ஆறுதலாக அமைந்தது. இத்திட்டத்தால் ஒரு பெண் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு தெரிவித்தது. அந்தத் தொகை பிள்ளைகளின் குறிப்பேடுகளாகவும், பாலாகவும், மருந்தாகவும் வீடு வந்து சேர்கிறது.

ஆயினும், கட்டணமில்லாப் பயணம் செலவில்லாப் பயணமன்று. பயணி தராததை அரசு தருகிறது. அரசு தருவது மக்களின் வரிப்பணம். 2025-2026ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் மாநிலம் முழுவதற்குமாக இதன்பொருட்டு 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பூச்சியம் அச்சிட்ட சீட்டை நடத்துநர் ஏன் தருகிறார் என்று சிலர் கேட்பதுண்டு. எத்தனை பெண்கள் பயணம் செய்தனர் என்பதற்கு அச்சீட்டே கணக்கு. எனவே, “இலவசம்தானே, சீட்டு எதற்கு?” என்று அலட்சியமாக இருப்பது சரியன்று.

இங்கு மற்றொன்றையும் மனம் திறந்து கூற வேண்டியிருக்கிறது. கட்டணமின்றிப் பயணம் செய்யும் பெண்களை “ஓசி” என்று ஏளனம் செய்வோர் இருக்கின்றனர். விடியற்காலையில் எழுந்து, தன் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கிவிட்டு, அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கப் புறப்படும் தாயை இவ்வாறு பழிப்பது தகுமோ? அவர் வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் படிப்பவனை நாம் ஏளனம் செய்வதில்லை. பிறகு பேருந்தில் மட்டும் ஏன்? சலுகையைக் கொடுத்துவிட்டு மானத்தைப் பறிப்பது கொடுக்காமல் இருப்பதைவிடக் கொடியது.

ஆயிரம் ரூபாய் ஒருசேர இருந்தால்

‘விருப்பம் போல் பயணம்’ என்னும் மாத அட்டையை நம் வாசகர் பலர் அறிவர். 1,000 ரூபாய் செலுத்தினால், குளிர்சாதன வசதியற்ற மாநகரப் பேருந்துகளில் மாதம் முழுவதும் எத்தனை முறையும் சென்று வரலாம். ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். வேலைக்குச் செல்ல இரு பேருந்துகள், ஒவ்வொன்றிலும் 10 ரூபாய் என்று கொள்வோம். போக 20, வர 20. ஆக நாளொன்றுக்கு 40 ரூபாய். 26 நாள் வேலைக்கு 1,040 ரூபாய். மாத அட்டை வாங்கியவருக்கு 40 ரூபாய் மிச்சம். அதோடு ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்குச் சென்று வருவதும் இனாம்.

நல்லது. ஆனால், இந்த அட்டையை வாங்குபவர் யார்? மாதத் தொடக்கத்தில் 1,000 ரூபாயை ஒருசேர எடுத்துக் கொடுக்க இயன்றவர். தினக்கூலிக்குச் சுவருக்கு வண்ணம் பூசும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். மாலையில் கிடைக்கும் கூலியில்தான் மறுநாள் பேருந்துக் கட்டணமே இருக்கிறது. இம்மாதம் 26 நாள் வேலை கிடைக்குமா, மழை பெய்து 12 நாளோடு நின்றுவிடுமா என்பதை அவர் அறியார். ஆகவே, அவர் அன்றன்று சீட்டு வாங்குகிறார். மாத முடிவில் மாதச் சம்பளக்காரரைவிடக் கூடுதலாகச் செலவிட்டிருக்கிறார். மளிகைக் கடையில் மூட்டையாக வாங்குபவருக்கு ஒரு விலை, படியாக வாங்குபவருக்கு வேறு விலை என்பது போலத்தான் இதுவும். இல்லாதவரே அதிகம் கொடுக்கும் இந்த முரண்பாட்டை நாம் என்றேனும் சிந்தித்ததுண்டா?

இச்சிக்கலுக்குத் தீர்வு கண்ட நகரங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று இலண்டன். அங்கே 2003ஆம் ஆண்டில் ‘ஆய்ஸ்டர்’ என்னும் பயண அட்டை அறிமுகமாயிற்று. 2005இல் அந்த அட்டைக்கு ஒரு நாள் உச்சவரம்பு வைத்தனர். அதாவது, ஒருவர் அன்றைய தினம் எத்தனை முறை பயணம் செய்தாலும், குறிப்பிட்ட தொகையை எட்டியபின் அட்டையிலிருந்து மேலும் பணம் கழிக்கப்படாது. நாள் அட்டை வாங்கலாமா வேண்டாமா என்று காலையிலேயே பயணி கணக்குப் போட வேண்டியதில்லை. அவருக்காக அட்டையே கணக்குப் போடுகிறது. 2014 முதல் வங்கி அட்டையைத் தொட்டுப் பயணம் செய்வோருக்கு வார உச்சவரம்பும் கிடைத்தது. 2016இலோ, ஒரு பேருந்தில் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் மற்றொரு பேருந்தில் ஏறினால் இரண்டாம் கட்டணம் இல்லை என்றாக்கினர். முன்பணம் கட்ட இயலாதவரும், நேர்ப் பேருந்து இல்லாத தெருவில் வாழ்பவரும் இதனால் பயன் அடைந்தனர்.

அட்டையும் கைப்பேசியும்

இலண்டனில் நடந்ததை இங்கே கூறக் காரணம் உண்டு. அத்தகைய முறைக்கு வேண்டிய கருவிகள் இப்போது சென்னைக்கும் வந்துவிட்டன. ‘சிங்காரச் சென்னை’ என்னும் பயண அட்டை 2023 ஏப்ரலில் மெட்ரோ ரயிலில் அறிமுகமாகி, 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்று’ என்னும் கைப்பேசிச் செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் சீட்டு வாங்க அது வழி செய்கிறது. பயணங்களை எண்ணிக் கணக்கிடும் ஆற்றல் இக்கருவிகளுக்கு உண்டு. சீட்டு ஒன்றானால் மட்டும் போதாது. கட்டணமும் ஒன்றாக வேண்டும். நாள் உச்சவரம்பும், வண்டி மாறுவோருக்குச் சலுகையும் சென்னையிலும் வர வேண்டும் என்பதே நமது விழைவு.

புதிய முறையால் நன்மைகள் பல. சில்லறைத் தகராறு இல்லை. மீதியை மறந்து இறங்கும் கவலை இல்லை. நடத்துநரின் தோற்பை கனப்பதில்லை. இவற்றை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம்.

எனினும், ஒரு கவலை நம் நெஞ்சை அரிக்கிறது. மெட்ரோ ரயிலில் அட்டை வழியாகவோ கைப்பேசி வழியாகவோ கட்டணம் செலுத்துவோருக்கு 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு. காசு கொடுத்துச் சீட்டு வாங்குபவர் முழுக் கட்டணமும் தர வேண்டும். இன்றைக்கும் காசைக் கையில் எண்ணிக் கொடுப்பவர் யார்? எழுதப் படிக்கத் தெரியாத முதியவர். வெளிமாவட்டத்திலிருந்து நேற்றுத்தான் வந்திறங்கிய கூலியாள். வீட்டில் உள்ள ஒரே கைப்பேசியைப் படிக்கும் மகனிடம் கொடுத்துவிட்டு வரும் தாய். இங்கும் இல்லாதவரே அதிகம் கொடுக்கிறார்!

இலண்டன் பேருந்துகளில் 2014 ஜூலை 6ஆம் நாளோடு காசு வாங்குவதையே நிறுத்திவிட்டனர். அங்கே அந்நாளில் காசு கொடுத்துப் பேருந்தில் சென்றவர் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவிலேயே இருந்தனர். அப்படியிருந்தும், அட்டையில் பணம் தீர்ந்துபோனவர் நள்ளிரவில் தெருவில் நின்றுவிடக் கூடாதே என்று எண்ணி, மேலும் ஒரு முறை பயணம் செய்துகொள்ளும் வசதியை அந்த ஆய்ஸ்டர் அட்டையிலேயே வைத்தனர். கடனைப் பின்னர்க் கழித்துக்கொள்வர். நாம் பின்பற்றத்தக்கது காசை ஒழித்த அவசரமன்று. கடைசிப் பயணியையும் நினைத்துப் பார்த்த அந்தப் பரிவே. நாணயங்களை முந்தானையில் முடிந்து வரும் ஒரு பாட்டி இம்மாநகரில் இருக்கும்வரை, காசை வாங்கிக்கொள்ளும் ஒரு கை பேருந்தில் இருந்தாக வேண்டும்.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை

அரசு செய்ய வேண்டியவை ஒருபுறம் இருக்கட்டும். நாம் செய்யக் கூடியவை என்ன?

முதலாவதாக, நமக்கு உரிய சலுகைகளை அறிந்திருப்போம். சென்னையில் வாழும் 60 வயது நிரம்பிய முதியோருக்கு மாதம் 10 வீதம் கட்டணமில்லாப் பயண டோக்கன்கள் 2016 முதல் வழங்கப்பட்டு வருகின்றன. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் பிள்ளைகளுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. இவற்றை அறியாமலும், விண்ணப்பிக்க அலுத்துக்கொண்டும் இழப்போர் பலர். நம் பங்கிலும் தெருவிலும் துணையின்றி வாழும் முதியோர் இருப்பின், அவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், உடன் அழைத்துச் செல்வதும் நம் இளைஞர்கள் செய்யத்தக்க அரும்பணியாகும்.

இரண்டாவதாக, அட்டையையும் செயலியையும் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகள், தெரியாத பெரியோருக்குப் பொறுமையாகக் கற்றுத் தரட்டும். “உங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்று கூறுவது எளிது. தம் விரல் பிடித்து நடக்கக் கற்றுத் தந்தவர்களுக்கு ஒரு பொத்தானை அழுத்தக் கற்றுத் தருவது அதனினும் எளிதன்றோ?

மூன்றாவதாக, சீட்டு வாங்காமல் பயணம் செய்யும் பழக்கம் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்வோம். நெரிசலில் நடத்துநர் வரவில்லை என்பதால் கொடுக்காமல் இறங்குவது சாமர்த்தியமன்று. நாம் கொடுக்காத 10 ரூபாயை வேறொருவர்தான் சுமக்கிறார். பரிசோதகரிடம் அகப்பட்டால் செலுத்த நேரும் அபராதத்துக்கு அஞ்சியன்று. பிறர் பங்கை உண்ணலாகாது என்பதற்காகவே சீட்டு வாங்கப் பிள்ளைகளைப் பழக்குவோம்.

நான்காவதாக, வீட்டில் ஒரு சிறு டப்பாவில் சில்லறையைச் சேர்த்து வைப்போம். காலையில் புறப்படும்போது எடுத்துச் செல்வோம். அருகில் நிற்பவரிடம் சில்லறை இல்லையெனில் நம்மிடம் உள்ளதைக் கொடுத்து உதவுவோம். நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் நடத்துநருக்கு நாம் செய்யக் கூடிய சிறு தொண்டு இது.

ஒரு மாநகரம் எத்தகையது என்பதை அதன் உயர்ந்த மாளிகைகளைக் கொண்டு மட்டும் அளவிட முடியாது. மழை நாள் மாலையில், கையில் ஐந்து ரூபாயுடன் நிறுத்தத்தில் நிற்கும் ஒருவர், தம் வீட்டுக்கு மானத்தோடு போய்ச் சேர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டணத்தை வகுப்போரும், கருவிகளை அமைப்போரும், அதே பேருந்தில் அவர் அருகே நிற்கும் நாமும் அந்த ஒருவரை மறவாதிருப்போமாக.